வெட்டுவதா, விரிப்பதா: ராணுவ உறையின் பிரைமர் குழிக்கு எது சரி?

சுட்டுக் கழிந்த 5.56 மி.மீ. ராணுவத் தோட்டாவின் பித்தளை உறை ஒன்றைக் கையில் எடுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். ‘எல்சி’ என்ற எழுத்துகள், ஆண்டைக் குறிக்கும் இரண்டு இலக்கங்கள், வட்டத்துக்குள் சிலுவை போட்ட நேட்டோ முத்திரை. நடுவில் ஒரு குழி, அதில் பொட்டு வைத்தாற்போல் பிரைமர்: ஊசி அடித்ததும் வெடித்து உள்ளிருக்கும் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி. அந்தப் பொட்டின் ஓரத்தைச் சுற்றி, உறையின் பித்தளை உள்நோக்கி லேசாக அமுக்கப்பட்டிருக்கும். நகத்தால் தடவினால் தெரியும். அதுதான் கிரிம்ப்.

‘எல்சி’ என்றால் லேக் சிட்டி. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், இண்டிபெண்டன்ஸ் நகரில் 1941இல் தொடங்கிய ராணுவத் தோட்டா ஆலை அது. தானியங்கித் துப்பாக்கி தொடர்ந்து சுடும்போது பிரைமர் பின்பக்கமாகக் கழன்று உள்ளே விழுந்தால் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் இந்த கிரிம்ப். ராணுவத்துக்கு அது ஒரு முறை சுடும் தோட்டா. அதே உறையை மறுபடி நிரப்ப நினைக்கும் நமக்குத்தான் தொல்லை. பழைய பிரைமரைக் கொஞ்சம் அழுத்தித் தள்ளினால் வெளியே வந்துவிடும். புதியது உள்ளே போகாது. ஓரம் சீவப்படும், சாயும், நசுங்கும். பிரைமருக்குள் இருப்பது அடிபட்டால் வெடிக்கும் மருந்து. அதைப் பலவந்தமாக அழுத்தவே கூடாது.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். இங்கே சொல்வது அமெரிக்காவில் பலர் தங்கள் சொந்தத் தேவைக்காக வீட்டு கராஜில் செய்யும் வேலையைப் பற்றி.

கிரிம்ப்பை எடுக்க இரண்டு வழிகள். லேத் பட்டறையில் வேலை பார்த்தவருக்கு ஒரே வரியில் புரியும்: ரீமர் உலோகத்தை வெட்டி எடுக்கிறது, ஸ்வேஜ் உலோகத்தை ஒதுக்கித் தள்ளுகிறது.

முதலில் ரீமர். கைப்பிடி வைத்த சின்ன வெட்டுக்கருவி, விலையும் குறைவு. குழியில் வைத்து இரண்டு மூன்று சுற்று திருகினால் மெல்லிய பித்தளைச் சுருள் வரும். கிரிம்ப் போய், விளிம்பில் சின்னச் சரிவு விழும். பிரைமர் வழுக்கிக்கொண்டு போக அந்தச் சரிவு நல்ல வழி. மேசையில் எதையும் பொருத்த வேண்டாம், அளவு வைக்க வேண்டாம். உறை எந்த ஆலையில் செய்தது என்று பார்க்கவும் வேண்டாம். ஐம்பது, நூறு உறை வைத்திருப்பவருக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

ஆனால் வெட்டின உலோகம் திரும்பி வராது. இதை நான் 200 உறைகளைக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். கை வலிக்கிறது என்று ரீமரை கார்ட்லெஸ் டிரில்லில் மாட்டினேன். வேகம் கூடியது, கை கொஞ்சம் சாய்ந்தது, குழிகள் அகன்றுவிட்டன. பிரைமர் வைத்தபோது எதிர்ப்பே இல்லை, விரலால் அழுத்தினாலே உள்ளே போனது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். சிலவற்றைச் சுட்ட பிறகு பார்த்தால் பிரைமரைச் சுற்றிக் கரி வளையம், உறையின் பின்பக்கத்தை அடைத்து நிற்கும் துப்பாக்கிப் போல்ட்டின் முகத்தில் ஊசி குத்தினாற்போல் சின்னச் சின்னப் பள்ளங்கள். தளர்ந்த குழியின் ஓரமாகக் கசிந்த சூடான வாயு எஃகையே அரித்திருந்தது. மீதி உறைகளைப் பழைய பித்தளை விலைக்குப் போட்டேன்.

ஸ்வேஜ் வேறு மாதிரி. பளபளப்பாகத் தீட்டிய எஃகு முனை குழிக்குள் ஏறி, உள்நோக்கி வளைந்த பித்தளையை வெளிப்பக்கம் அமுக்குகிறது. முனையின் அளவு நிலையானது என்பதால், ஒழுங்காகப் பொருத்தினால் கை நடுக்கமோ அவசரமோ குழியை அகலமாக்காது. இதில் இரண்டு வகைக் கருவிகளை நான் பயன்படுத்தியிருக்கிறேன். ஆர்சிபிஎஸ் நிறுவனத்தின் கருவி, உறை நிரப்ப ஏற்கெனவே வைத்திருக்கும் ரீலோடிங் பிரஸ்ஸில் பொருந்தும். விலை நியாயம்தான், ஆனால் முனை குழியில் கவ்விக்கொள்வதால் ஒவ்வொரு உறையையும் இழுத்துக் கழற்ற வேண்டியிருக்கும். டில்லன் நிறுவனத்தின் சூப்பர் ஸ்வேஜ் 600 மேசையில் தனியாகத் திருகி வைப்பது. ஒரு கம்பி உறையின் வாய் வழியாக நுழைந்து உட்பக்கமிருந்து அடியைத் தாங்கிப் பிடிக்க, நெம்புகோலை அழுத்தினால் முனை ஏறி இறங்கும். கை பழகிவிட்டால் தையல் மெஷின் மாதிரி ஓடும்.

சரி, இதில் குறை இல்லையா? இருக்கிறது. உறையின் அடித்தட்டுக் கனம் ஆலைக்கு ஆலை மாறும். லேக் சிட்டிக்கு வைத்த அளவில் வேறு ஆலையின் உறையை வைத்தால், கனமான அடி அளவுக்கு மீறி அழுத்தப்படும், மெல்லிய அடியில் கிரிம்ப் பாதி நின்றுவிடும். அதனால் அடி முத்திரை பார்த்துப் பிரித்த பிறகுதான் நெம்புகோலைத் தொட வேண்டும். மைதானத்தில் பொறுக்கிய கலவைக் குவியலுக்கு இது பொறுமையைச் சோதிக்கும் வேலை.

என் தேர்வு இது. ஒரே ஆலையின் உறை ஆயிரக்கணக்கில் இருந்தால் ஸ்வேஜ், அதிலும் உள்ளிருந்து தாங்கும் மேசைக் கருவி. பலவகை கலந்து கொஞ்சமாக இருந்தால் கை ரீமர், டிரில் இல்லாமல்.

எம்1 கேரண்ட் என்ற பழைய அமெரிக்க ராணுவத் துப்பாக்கிக்காக .30-06 அளவு உறை நிரப்புகிறவர்கள் இந்த இடத்தில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அதன் சுடும் ஊசியைப் பின்னுக்குப் பிடித்துவைக்க ஸ்பிரிங் கிடையாது. போல்ட் மூடும் வேகத்தில் ஊசி முன்னால் வந்து பிரைமரைத் தொடும். பிரைமர் அடிமட்டத்துக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தால் விசையைத் தொடாமலே வெடிக்கக்கூடும். பிரைமர் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 3 முதல் 5 பங்கு உள்ளே தாழ்ந்திருப்பது நல்லது. நேரான இரும்பு அளவுகோலை உறையின் அடியில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள், துருத்தல் இருந்தால் அளவுகோல் ஆடும். மிச்சம் நின்ற கிரிம்ப்பும், குழியின் அடியில் திரண்ட கரியும் பிரைமரை மேலே நிறுத்திவிடும்.

கரியை எடுக்க சின்னக் கம்பிப் பிரஷ்ஷே போதும். எஃகுக் குச்சிகளோடு தண்ணீரில் சுற்றும் டம்ப்ளர் குழியைப் புதுசு மாதிரி பளிச்சென்று ஆக்கும், ஆனால் அதற்கு முன் பழைய பிரைமரை எடுத்திருக்க வேண்டும். கைத்துப்பாக்கி உறைகளுக்குப் பலர் குழியைச் சுத்தம் செய்வதே இல்லை, அதில் பெரிய தவறும் இல்லை.

தவறு வேறு இடத்தில் நடக்கும். சாதாரணப் பிரைமரில் ஈயச் சேர்மம் இருக்கிறது. உலர்ந்த குழியைச் சுரண்டும்போது பறக்கும் கரித்தூளிலும், டம்ப்ளரின் கறுத்த நீரிலும் ஈயம் இருக்கும். இந்த வேலையைச் சமையலறையில் செய்யாதீர்கள், குழந்தைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டும் செய்யாதீர்கள். கையுறை போடுங்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அப்புறம் காபியைத் தொடுங்கள்.

கிரிம்ப்பை ஓர் உறைக்கு ஒரே ஒரு முறை எடுத்தால் போதும். நான் முடித்த உறைகளைத் தனி டப்பாவில் போட்டு, அடியில் நீல மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிடுவேன். அடுத்த முறை அந்தக் கோடு அழிந்திருந்தாலும், நகத்தால் தடவினால் விளிம்பு வழவழவென்று இருக்கும்.