நோடு பராமரிப்பு என்று வந்து என் வாலிடேட்டர் கீயை நகலெடுத்தவர்கள்: ஒரு எச்சரிக்கை

எத்தீரியம் வாலிடேட்டர் (ஈதரைப் பிணையாகக் கட்டி, பிளாக்செயினின் பிளாக்குகளுக்கு ஓட்டுப் போட்டு வருமானம் பெறும் கணக்கு) வைத்திருந்து, அதன் பராமரிப்பை வெளியாள் கையில் கொடுத்திருப்பவர்கள் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். எனக்கு இது நடந்தது 2024 நவம்பரில். 1 ஈதர் ஒரே நொடியில் போனது. அன்றைய விலைக்கு இரண்டு லட்ச ரூபாய்க்கும் மேல். வாலிடேட்டரும் போனது. செய்தவர்கள் இன்னமும் டெலிகிராம் குழுக்களில் அதே விளம்பரத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். புகார் விசாரணையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. அவர்கள் வேலை செய்த விதத்தை எழுதுகிறேன். பெயர் மாற்றிக்கொண்டு வேறு யார் வந்தாலும் உங்களுக்கு அதுதான் உதவும்.

என் நோடு, அதாவது எத்தீரியம் நெட்வொர்க்கோடு பேசும் மென்பொருள், வாடகைக்கு எடுத்த ஒரு டெடிகேட்டட் சர்வரில், உபுண்டுவில் ஓடியது. பரிவர்த்தனைகளை இயக்கும் எக்ஸிக்யூஷன் பக்கம் கெத், பிளாக்குகளுக்கு ஓட்டுப் போடும் கன்சென்சஸ் பக்கம் லைட்ஹவுஸ் என்ற மென்பொருள்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மெர்ஜ் (எத்தீரியம் மைனிங்கை விட்டு ஸ்டேக்கிங்குக்கு மாறிய மேம்பாடு) நடந்ததிலிருந்து இரண்டும் சேர்ந்து ஓடினால்தான் நோடு. அப்டேட் வந்தால் சர்வீஸை நிறுத்தி, புது பைனரியைப் போட்டு, திரும்பக் கிளப்பி, லாக் சரியாக ஓடுகிறதா என்று கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். கெத் டிஸ்க்கை நிரப்பினால் ப்ரூன் பண்ண, அதாவது பழைய தரவைக் கழிக்க வேண்டும். பெரிய வித்தை ஒன்றுமில்லை, ஆனால் ஆள் இருக்க வேண்டும். என் வேலை, நெட் கிடைக்காத இடங்களில் வாரக்கணக்கில் தங்க வைக்கிற வேலை. அதனால் ஒரு பராமரிப்பு சேவையை அமர்த்தி, வருடக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டினேன்.

என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதெல்லாம் மின்னஞ்சலில் எழுத்தில் இருக்கிறது. அப்டேட், டிஸ்க், லாக் கண்காணிப்பு, இவ்வளவுதான் அவர்கள் பொறுப்பு. எஸ்எஸ்எச் வழியாக உள்ளே வர ஒரு தனி யூசர், சூடோ (ரூட் என்ற முழு நிர்வாகியாக வேலை செய்யும்) அனுமதியோடு. வாலிடேட்டரின் கையெழுத்துக் கீ இருக்கும் கீஸ்டோர் கோப்புகள் எந்தக் காரணத்துக்காகவும் சர்வரை விட்டு வெளியே போகக் கூடாது என்று தனியாக ஒரு வரி எழுதியிருந்தேன். “கண்டிப்பா சார், கீ எங்களுக்கு எதுக்கு சார்” என்று பதில் வந்தது.

சில மாதங்கள் எல்லாம் ஒழுங்காகவே போனது. பிறகு ஒருநாள் பீக்கன் எக்ஸ்ப்ளோரர் என்ற பொதுத் தளத்தில் என் வாலிடேட்டர் எண்ணுக்கு எதிரே சிவப்பில் ‘ஸ்லாஷ்டு’ (தண்டனையாக வெட்டப்பட்டது) என்று நின்றது. காரணம்: அட்டெஸ்டேஷன் (ஓட்டு) விதிமீறல்.

இதைப் புதிதாகக் கேட்பவர்களுக்காக: ஒரு வாலிடேட்டர் 6.4 நிமிடத்துக்கு ஒருமுறை, அதாவது ஒரு எப்பாக்கில் ஒரே ஒருமுறை ஓட்டுப் போடும். சங்கிலியின் தலை (கடைசி பிளாக்) எது என்று தான் நினைக்கும் பிளாக்கைக் குறிப்பிட்டுக் கையெழுத்திடும். ஒரே எப்பாக்குக்கு இரண்டு வேறு வேறு ஓட்டில் ஒரே கீயின் கையெழுத்து இருந்தால், அது ஒரே மனையை இரண்டு பேருக்குக் கிரயம் எழுதிக் கொடுத்தது மாதிரி. இரண்டு பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும், வேறு சாட்சி வேண்டியதில்லை. தண்டனை தானாக விழும், மேல்முறையீடு கிடையாது. அப்போதைய விதிப்படி 32 ஈதரில் 32-ல் ஒரு பங்கு உடனே வெட்டு. அதோடு வாலிடேட்டர் கட்டாயமாக வெளியேற்றப்பட்டு, மீதிப் பணம் சுமார் 36 நாள் முடங்கும். அந்த நாட்களிலும் ஓட்டுப் போடாததற்கான அபராதம் சிறுகச் சிறுகப் போய்க்கொண்டே இருக்கும்.

போன் போட்டேன். “நெட்வொர்க் இஷ்யூ சார், நிறைய பேருக்கு ஆயிருக்கு” என்றார்கள். அந்த நேரத்தில் வேறு யாருக்கும் ஆகவில்லை. ஸ்லாஷ் ஆனவர்களின் பட்டியல் பொதுவில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அடுத்த முறை பேசும்போது “கிளையண்ட் பக் சார்” என்று மாறியது.

எனக்கு ஆதாரம் வேண்டியிருந்தது. இந்த விஷயத்தில் ஆதாரம் சங்கிலியிலேயே இருக்கிறது. ஸ்லாஷிங் நடந்த பிளாக்குக்குள் அந்த இரண்டு ஓட்டுகளும் முழுசாகப் பதிவாகியிருக்கும்: ஸ்லாட் (ஒரு பிளாக்குக்கான நேர இடைவெளி) எண், தலை பிளாக்கின் ஹாஷ் (அதன் அடையாளக் குறியீடு), எல்லாம். என் சர்வரில் ஜர்னலிலிருந்து வாலிடேட்டர் கிளையண்டின் லாக்கை அந்த நேரத்துக்கு எடுத்தேன். லைட்ஹவுஸ் ஒவ்வொரு ஓட்டை வெளியிடும்போதும் ஸ்லாட் எண்ணையும் தலை பிளாக்கின் ஹாஷையும் ஒரே வரியில் எழுதும். அந்த ஸ்லாட்டுக்கு என் லாக்கில் ஒரே ஒரு வரிதான். அதிலிருந்த ஹாஷ் இரண்டு ஓட்டுகளில் ஒன்றோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. மற்ற ஓட்டு என் சர்வரிலிருந்து போகவே இல்லை. அப்படியென்றால் என் கீ வேறு எங்கோ ஒரு மெஷினில் ஓடியிருக்கிறது.

அடுத்து ஆத் லாக், அதாவது சர்வரில் யார் நுழைந்தார்கள் என்ற பதிவேடு. சூடோ போட்டு ஓட்டும் ஒவ்வொரு கமாண்டும் அதில் பதிவாகும். ஸ்லாஷ் ஆன நாளுக்கு முந்தைய வாரத்தில், நள்ளிரவு தாண்டி, அவர்களுக்கு நான் கொடுத்த யூசர் பெயரில் ஒரு வரி: லைட்ஹவுஸின் வாலிடேட்டர்ஸ் ஃபோல்டரை டார் கமாண்டால் சுருட்டி டெம்ப் ஃபோல்டரில் வைத்திருக்கிறார்கள். சில நிமிடம் கழித்து அந்தக் கோப்பை அழித்த வரி. கீஸ்டோருக்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். ரீஸ்டார்ட் ஆகும்போது தானாகத் திறக்க வேண்டும் என்பதற்காக அந்தக் கடவுச்சொல்லும் அதே சர்வரில்தான் இருக்கும். ரூட் அனுமதி உள்ளவருக்கு இரண்டுமே கையில்.

இந்த வரிகளை அனுப்பிய பிறகுதான் உண்மை வந்தது. என் சர்வர் நின்றால் கைகொடுக்க அவர்களுடைய மெஷினில் ஒரு ‘ஸ்டாண்ட்பை’ வைத்தார்களாம். “உங்க அப்டைம்க்காகத்தான் சார் பண்ணோம். எல்லா கிளையண்டுக்கும் இப்படித்தான் வச்சிருக்கோம், ஒண்ணும் ஆனதில்ல.”

ஒன்றும் ஆகாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது, அதுதான் இதில் பெரிய ஆபத்து. ஒரே கீ இரண்டு மெஷினில் ஓடினாலும், இரண்டும் ஒரே பிளாக்கைத் தலையாகப் பார்த்தால் இரண்டு ஓட்டும் ஒன்றேதான், தண்டனை வராது. ஏதோ ஒரு ஸ்லாட்டில் பிளாக் தாமதமாக வந்து, ஒரு மெஷினுக்கு அது கிடைத்து மற்றதற்குக் கிடைக்காமல் போகிற அந்த நொடியில் மாட்டும். அதுவரை எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். அதனால் இன்றைக்கு அவர்களிடம் இருக்கும் மற்றவர்களின் வாலிடேட்டர்கள் நன்றாக ஓடுவதாகத் தெரிவதை நம்பாதீர்கள். என் கிளையண்டில் டாப்பல்கேங்கர் பாதுகாப்பும் போட்டிருந்தது. அது கிளம்பும்போது மட்டும்தான் இரண்டு மூன்று எப்பாக் காத்திருந்து, இதே கீ வேறு எங்காவது ஓடுகிறதா என்று பார்க்கும். பிறகு இன்னொருவன் அதே கீயை வேறு இடத்தில் கிளப்பினால் அதற்குத் தெரியாது.

ஸ்டாண்ட்பை என்ற யோசனையே தேவையில்லாதது, எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான். நோடு ஒருநாள் நின்றால், அந்த நாளில் வந்திருக்க வேண்டிய வருமானம் போகும், ஏறக்குறைய அதே அளவு அபராதம் விழும். மறுபடி ஓடத் தொடங்கினால் சில நாட்களில் ஈடாகிவிடும். இரட்டைக் கையெழுத்துக்கு அப்படி மீட்பு கிடையாது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பாலபாடம். 2021 பிப்ரவரியில் ஒரு ஸ்டேக்கிங் நிறுவனத்தின் 75 வாலிடேட்டர்கள் ஒரே நாளில் இரட்டைக் கையெழுத்தால் ஸ்லாஷ் ஆனபோது, காரணத்தை விளக்கி எழுதினார்கள், எல்லாரும் படித்தோம். “99.9% அப்டைம்” என்று விற்றுக்கொண்டிருப்பவர்கள், ஒருநாள் நின்றால் எவ்வளவு போகும் என்பதைச் சொல்வதே இல்லை. சொன்னால் அந்தக் கட்டணத்துக்கு யாரும் வரமாட்டார்கள்.

மற்ற லட்சணங்களும் பின்னால் தெரிந்தன. ரூட்டாக யார் நுழையலாம் என்று சொல்லும் ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பில் நான் போடாத இரண்டு பொதுச் சாவிகள். திறந்திருக்கும் போர்ட்டுகளைப் பார்த்தால், 127.0.0.1-ல், அதாவது அதே மெஷினுக்குள் மட்டும் கேட்க வேண்டிய கெத்தின் 8545 போர்ட், வெளியிலிருந்தும் வரக்கூடிய 0.0.0.0-க்கு மாற்றப்பட்டிருந்தது, ஃபயர்வால் அணைத்துக் கிடந்தது. இணையம் முழுக்க 8545-ஐத் தேடித் துழாவுபவர்கள் பல வருடங்களாக இருக்கிறார்கள். 2018-ல் இந்த வழியாகத் திறந்து கிடந்த நோடுகளிலிருந்து பெரிய அளவில் ஈதர் திருட்டுப் போனது. அவர்களுடைய டாஷ்போர்டுக்கு வசதியாக இருக்கும் என்று திறந்தார்களாம்.

கட்டணத்தைக்கூடத் திருப்பித் தரவில்லை. குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டு, எண்ணையும் தடுத்துவிட்டார்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் மின்னஞ்சல், ஆத் லாக், ஸ்லாஷிங் பிளாக்கின் விவரம், யுபிஐ ரசீது எல்லாவற்றையும் இணைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன்.

நடந்ததைக் குழுக்களில் சொன்னதும் ‘மீட்டுத் தருகிறோம்’ என்று வரிசையாகத் தனிச்செய்தி வந்தது. எல்லாரும் கடைசியில் கேட்பது, எல்லாக் கீகளுக்கும் மூலமான 24 ரகசியச் சொல் நிமோனிக்கைத்தான். ஸ்லாஷ் ஆன ஈதரை உலகத்தில் யாராலும் மீட்க முடியாது. நிமோனிக்கைக் கொடுத்தால் மீதியும் போகும்.

உங்கள் சர்வரில் யாருக்காவது சூடோ கொடுத்திருந்தால் இன்றைக்கே ஆத் லாக்கை நகலெடுத்து வையுங்கள். உபுண்டுவில் அது சில வாரங்களில் சுழன்று அழிந்துவிடும். அதில் வாலிடேட்டர்ஸ் என்று தேடுங்கள். கமாண்டுகளே இல்லாமல் ரூட் ஷெல்லைத் திறந்த வரிகள் மட்டும் இருந்தால், உள்ளே என்ன செய்தார்கள் என்பது பதிவாகவில்லை என்று பொருள். அதை இன்னும் சந்தேகத்தோடு பாருங்கள். கீ வெளியே போயிருக்கிறது என்று தெரிந்தால் முதலில் உங்களிடம் ஓடும் வாலிடேட்டர் கிளையண்டை நிறுத்துங்கள். அப்படி நிறுத்தினால் உங்கள் மெஷினும் அவர்கள் மெஷினும் மோதி இரண்டு கையெழுத்து விழும் ஆபத்து குறையும், ஆனால் கீ அவர்களிடம் இருக்கும்வரை முழுப் பாதுகாப்பு கிடையாது. அதன் பிறகு தானாக முன்வந்து வெளியேறும் எக்ஸிட் கோரிக்கையை அனுப்புங்கள். போன கீயைத் திரும்ப வாங்க முடியாது, “டெலீட் பண்ணிட்டோம் சார்” என்பதைச் சரிபார்க்கவும் வழியில்லை.

2025 மே 7 அன்று வந்த பெக்ட்ரா மேம்பாட்டில் முதல் வெட்டு 4096-ல் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. 32 ஈதருக்கு 0.008 கூட வராது. இதைக் காட்டி “இப்ப ஸ்லாஷிங் ஒண்ணும் பெரிசில்ல” என்று அதே ஆட்கள் பேசுவதாக ஒரு நண்பர் சொன்னார். கட்டாய வெளியேற்றமும் 36 நாள் முடக்கமும் அப்படியேதான் இருக்கின்றன. திரும்ப வாலிடேட்டர் ஆக வேண்டுமானால் புதிதாக டெபாசிட் கட்டி வரிசையில் நிற்க வேண்டும்.

என் 31 ஈதருக்கு அருகிலான மீதி எனக்கு வந்து சேர்ந்தது. வித்ட்ராயல் முகவரியை (பணம் திரும்பி வரும் முகவரி) ஆரம்பத்திலேயே என் ஹார்ட்வேர் வாலட்டுக்கு அமைத்திருந்தேன், அதை ஒருமுறை அமைத்தால் மாற்ற முடியாது. நிமோனிக்கும் அந்த சர்வரைத் தொட்டதே இல்லை. கையெழுத்துக் கீயை வைத்து அவர்களால் என்னை மாட்டிவிட முடிந்தது, பணத்தை எடுக்க முடியவில்லை.

இப்போது கெத்தும் லைட்ஹவுஸ் பீக்கன் நோடும் ஒரு சர்வரில், கீ இருக்கும் வாலிடேட்டர் கிளையண்ட் வீட்டில் தனி மெஷினில். பீக்கன் நோடுக்கு எந்தக் கீயும் தேவையில்லை. வெளியாள் உதவி வேண்டுமென்றால் அந்த சர்வருக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். இரண்டையும் விபிஎன் வழியாக இணைக்கும் முறை யாருக்காவது வேண்டுமானால் பின்னூட்டத்தில் கேளுங்கள், எழுதுகிறேன். இதே மாதிரி ‘ஸ்டாண்ட்பை’ கதையைக் கேட்டவர்கள் இருந்தால் உங்கள் ஆத் லாக் வரிகளோடு என்னைத் தொடர்புகொள்ளுங்கள், புகாரில் சேர்க்கலாம்.