தாம்பூலம் எந்தப் பையில்: நான்-ஓவனா, மஞ்சப்பையா, கொட்டானா?

போன தையில் காரைக்குடியில் அத்தை மகளுக்குக் கல்யாணம். பந்தலும் சமையலும் ஒரே நாளில் முடிவாகிவிட்டன. இழுத்தது தாம்பூலப் பைதான். 800 பை வேண்டும். ஆவணியிலேயே மாமா ஒரு மாதிரிப் பையோடு வந்தார். சிவப்பு நிறம், பார்க்கத் துணி போலவே இருந்தது, விலையும் மலிவு. "துணிப்பைதானே, இதையே சொல்லிவிடலாம்" என்றார்.

நான் அதன் ஓரத்தில் கொஞ்சம் வெட்டித் தீக்குச்சியைக் காட்டினேன். சுருண்டு, உருகி, கறுப்பு மணியாக முற்றத்துக் கல்லில் ஒட்டிக்கொண்டது. அப்புறம் ஐயாவின் பழைய வேட்டியிலிருந்து ஒரு நூலை எடுத்துக் கொளுத்தினேன். அது சாம்பலாக உதிர்ந்தது. அப்பத்தா குனிந்து பார்த்துவிட்டு, "ஏத்தா, இது துணியே இல்லையே" என்றார்.

இல்லைதான். மாமா கொண்டுவந்தது நான்-ஓவன் பை, அதாவது பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். அதை யாரும் நெய்வதில்லை. உருக்கி இழுத்த இழைகளைச் சூட்டில் அழுத்தி ஒட்டுகிறார்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 பொருட்களில் இதுவும் ஒன்று. தடை என்றால் கேரி பேக்கும் டீ கப்பும்தான் நம் நினைவுக்கு வருகின்றன, இது துணி வேஷத்தில் தப்பிவிடுகிறது.

விலையில் இதை வேறெதுவும் நெருங்க முடியாது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வெயில் இதற்கு ஆகாது. முன்பு ஒரு கல்யாணத்தில் வந்த பையை மொட்டை மாடியில் வற்றல் காயும் இடத்தில் விட்டுவிட்டோம். கோடை முடிந்து எடுத்தபோது கையிலேயே அப்பளமாக நொறுங்கியது. நொறுங்கினாலும் பிளாஸ்டிக் பிளாஸ்டிக்தான். அந்தத் துகள் காற்றில் ஊரணிக்குப் போகும், ஐப்பசி மழையில் கலுங்கு தாண்டும், ஓடையைப் பிடித்துப் பாம்பாறு வழியே பாக் விரிகுடாவில் சேரும். செட்டிநாட்டுக்கும் கடலுக்கும் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்கள் தேவகோட்டையில் தொண்டி பஸ்ஸைப் பிடித்துப் பார்க்கட்டும். அந்தப் பாக் விரிகுடாவில்தான் கடற்புல்லை மேய்ந்து வாழும் ஆவுளியா என்கிற கடற்பசு இருக்கிறது. அதைக் காக்க 2022 செப்டம்பரில் புதுக்கோட்டை, தஞ்சாவூர் கரையோரக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தார்கள். நாம் கொடுக்கும் தாம்பூலம் அந்தப் புல்வெளியில் போய் முடியக் கூடாது.

அடுத்தது மஞ்சப்பை. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிய பிறகு இதைக் கொடுப்பதில் யாருக்கும் கூச்சமில்லை. தேங்காய், பழம், பலகாரப் பொட்டலம் எல்லாம் தாங்கும்; மடித்தால் இடுப்பில் செருகிக்கொள்ளலாம்; உள்ளூர் டெய்லர்களே தைத்துத் தருவார்கள். ஆனால் பருத்தி விளையத் தண்ணீரும் உரமும் வேண்டும். டென்மார்க் அரசின் 2018 ஆய்வுக் கணக்குப்படி, பருவநிலைப் பாதிப்பில் மட்டும் ஒரு பருத்திப் பை மெல்லிய பிளாஸ்டிக் பையோடு சமன் ஆக, அதை 52 முறையாவது பயன்படுத்த வேண்டும். வாரச் சந்தைக்குத் தவறாமல் எடுத்துப் போனால் ஒரு வருஷத்தில் முடிகிற காரியம்தான். பீரோவுக்குள் இருபது பையோடு இருபத்தொன்றாகக் கிடந்தால் ஒருநாளும் முடியாது. அதனால் அடித்தையல் இரட்டையாக வேண்டும், கைப்பிடி தோளில் மாட்டும் நீளம் வேண்டும். மணமக்கள் படத்தை முகம் முழுக்க அச்சடித்தால் அதில் யாரும் மீன் வாங்கப் போக மாட்டார்கள். பெயரும் தேதியும் ஓரமாகச் சின்னதாக இருந்தால் போதும்.

செட்டிநாட்டு ஓலைப் பெட்டியான கொட்டானைப் பற்றிப் பேசினால் எனக்கு நிதானம் போய்விடும். பனங்குருத்தோலையைக் காய வைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, சாயத்தில் கொதிக்க வைத்துப் பின்னுவது. அடி சதுரமாக இருக்கும், மேலே வர வர வாய் வட்டமாகிவிடும். எங்கள் வீட்டில் அப்பத்தா கல்யாணத்துக்கு வந்த கொட்டான் ஒன்று இன்னும் இருக்கிறது. விளிம்பில் பாசிமணி பாதி உதிர்ந்துவிட்டது, உள்ளே பூண்டு கிடக்கிறது. முன்பு ஆச்சிமார் முகப்பில் உட்கார்ந்து பேசிக்கொண்டே பின்னுவார்கள். மறையப்போன அந்தக் கைவேலையை விசாலாட்சி ராமசாமியின் எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்து மீட்டது. செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. இன்னொன்று, ஓலைக்குக் கிராக்கி இருந்தால்தான் பனைமரம் செங்கல் சூளைக்குப் போகாமல் நிற்கும்.

குறைகளும் இருக்கின்றன. விலை மஞ்சப்பையைவிடக் கூடுதல். ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். தூக்கிப் போகப் பிடி கிடையாது, ரயிலில் சென்னைக்குப் போகிறவர் அதை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். 800 என்று கேட்டால் பின்னுகிறவர்களே யோசிப்பார்கள்.

எவர்சில்வர் டப்பாவும் பேச்சில் வந்தது. கெடாது என்பது உண்மைதான், ஆனால் எல்லா வீட்டிலும் ஏற்கெனவே அடுக்கு அடுக்காக இருக்கிறதே!

கடைசியில் 650 மஞ்சப்பை, 150 கொட்டான் என்று பிரித்தோம். மஞ்சப்பை வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு, கொட்டான் பங்காளி வீடுகளுக்கும் தாய்மாமன் வீட்டுக்கும். பணம் கொஞ்சம் கூடத்தான் ஆனது. மேடைப் பூ அலங்காரத்தில் ஒரு வரிசையைக் குறைத்துச் சரிக்கட்டினோம். உங்கள் வீட்டிலும் தையில் கல்யாணம் என்றால் கொட்டானுக்கு ஆவணியிலேயே சொல்லிவிடுங்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ஓலை காயாது.