கார் பழகப் பயமா? கல்லடிப் பக்கம் போய்ப் பாருங்கள்

மட்டக்களப்பில் லேர்னர்ஸ் (வாகனம் ஓட்டப் பழக்கும் இடங்கள்) நிறைய இருக்கின்றன. ஆனால் பயந்த சுபாவம் உள்ளவர்கள் எங்கே போவது என்று கேட்டால், கல்லடியில் ஒரேயொரு காரை வைத்துப் பழக்குகிற தம்பியிடம்தான் அனுப்புவேன். காரணம் ஒன்றுதான், அவர் ஆளை வெருட்டுவதில்லை.

இதற்கு முதல் நான் போன இடத்தில் (பெயர் வேண்டாம்) எஞ்சின் நின்றால் போதும், "என்ன மிஸ், இப்படிப் பயந்தாங்கொள்ளியா இருக்கிறீங்க" என்று பின் சீற்றில் இருக்கும் பிள்ளைகளுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்வார்கள். இருட்டுக்குப் பயப்படும் சின்னப் பிள்ளையிடம் செல்லமாகச் சொல்கிற சொல், கோழை என்பதைப் போல ஆளையே தீர்த்துவிடுகிற சொல் இல்லை, அதனால் சொல்கிறவர்களுக்கு அது பெரிய விஷயமாகத் தெரிவதில்லை போல. ஆனால் வளர்ந்த ஒருத்தியை நாலு பேர் முன்னால் அப்படிச் சொன்னால் அடுத்த முறை அவள் ரோட்டைப் பார்க்கமாட்டாள், பழக்குகிறவரின் முகத்தைத்தான் பார்ப்பாள். கை நடுங்க நடுங்க மறுநாளும் வந்து ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவளுக்கு அந்தச் சொல் எப்படிப் பொருந்தும்?

இந்தத் தம்பி முதலில் நாவலடிப் பக்கம், சனம் குறைந்த வீதிக்குத்தான் கூட்டிப்போவார். அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கிறது, அதை முதல் நாளே மிதித்துக் காட்டிவிடுவார், பாதிப் பயம் அதிலேயே போய்விடும். கை பழகிய பிறகுதான் 2013இல் திறந்த கல்லடிப் புதுப் பாலத்துக்குக் கூட்டிப்போவார். பாலத்தில் ஏறும் இடத்தில் வாகனங்கள் தேங்கி, கல்முனை பஸ் பின்னால் வந்து நின்று ஹோர்ன் அடிக்கும் பாருங்கள், எனக்கு வியர்த்துக் கொட்டிவிடும். "அடிக்கிறவர் அடிக்கட்டும் அக்கா, நீங்க ஹேண்ட் பிரேக்க இழுங்க" என்பார். பிறகு கிளச்சை மெல்ல மெல்ல விட வேண்டும், எஞ்சின் சத்தம் கனத்து பொனட் கொஞ்சம் தூக்குகிற மாதிரித் தெரியும், அந்த இடத்தில் காலை அசைக்காமல் வைத்து, எக்ஸலேட்டரைக் கொஞ்சம் மிதித்து ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் கார் பின்னுக்கு உருளாது. இதை எரிச்சல்படாமல் எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்லித்தருகிறார். எனக்குப் பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், ஆனால் பயத்தோடேயே பாலம் ஏறி இறங்கத் தெரிகிறது.

குறையும் இருக்கிறது. கார் பழசு, ஏசி வேலை செய்யாது, சூடான கச்சான் காற்று வீசும் காலத்தில் பின்னேர வகுப்பு எடுத்தால் வெந்துபோவீர்கள், காலை நேரத்தைக் கேளுங்கள். டவுனுக்குள், அரசடிச் சந்திப் பக்கம், தானாகக் கூட்டிப்போவது குறைவு, நாங்கள்தான் கேட்க வேண்டும். எழுத்துப் பரீட்சைக்குப் பெரிதாக உதவி இல்லை, சரி, அதை வீட்டிலிருந்தே படிக்கலாம். ஒரே கார் என்பதால் இடம் கிடைக்கக் கொஞ்சம் காத்திருக்க வேண்டிவரும், முதலே சொல்லி வையுங்கள்.