கம்பியா, பம்பா?

பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துச் சுவர்களில் 'ஆண்மைக்குறைவா?' போஸ்டரைப் பார்க்காமல் மதுரையில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. லாட்ஜ் வைத்தியம், மாத்திரை, ஊசி என்று எல்லாம் பார்த்து அலுத்த பிறகுதான் பலர் ஆணுறுப்பு இம்பிளான்ட் பக்கம் வருகிறார்கள். விறைப்புக்காக ஆபரேஷன் செய்து உள்ளே வைக்கும் கருவி அது; கம்பி, பம்ப் என்று இரண்டு வகை. நெடுநாள் சர்க்கரைக்காரர்கள் இதில் நிறைய.

கம்பி வகை எளிது. உள்ளே வைக்கும் இரண்டு கம்பிகளைக் கையால் நிமிர்த்தலாம், மடக்கலாம். ரிப்பேர் குறைவு, விலையும் குறைவு. ஆனால் விறைப்பு எப்போதும் இருக்கும். வேட்டி கட்டிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்து எழும்போது ஒரு கூச்சம் வரத்தான் செய்யும்.

பம்ப் வகை 1973இல் வந்தது. ஆணுறுப்புக்குள் குழாய்கள், விதைப்பைக்குள் பம்ப், அடிவயிற்றில் உப்புநீர்ப் பை. அமுக்கினால் விறைக்கும், வேலை முடிந்ததும் தளர்த்திவிடலாம். செலவு லட்சக்கணக்கில். பல வருடம் கழித்துப் பழுதானால் மறுபடி ஆபரேஷன். விரல் மரத்துப்போனவருக்கு அமுக்குவதே பாடு.

திருப்தி என்று பார்த்தால் இரண்டிலுமே பெரும்பாலானோர் நிறைவாகத்தான் சொல்கிறார்கள், பம்புக்குக் கொஞ்சம் கூடுதல். அதற்காக நிலத்தை அடகு வைக்கச் சொல்ல மாட்டேன். கடன் கழுத்தை நெரிக்கும்போது எந்தக் கருவி என்ன செய்யும்?

இரண்டுக்கும் பொதுவான சங்கதிகளைத்தான் முன்பே பேச வேண்டும். நீளம் பழைய நினைப்பை விடக் குறைவாகத் தோன்றும். முனை பழையபடி பருக்காது. உணர்ச்சியும் உச்சமும் முன்பு எப்படியோ அப்படியே, ஆசையைக் கருவி கொண்டுவராது. வைத்த பிறகு பழையபடி தானாக விறைக்காது, மாத்திரைக்கும் திரும்ப முடியாது.

மேலூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர் மனைவியிடம் ஹெர்னியா ஆபரேஷன் என்று சொல்லிவிட்டுக் கம்பி வைத்துக்கொண்டார். ஏழு வருடமாக அவர் மொட்டை மாடியில், அந்த அம்மா கீழே. திடீரென்று ஒரு ராத்திரி இவர் இறங்கி வந்தால்? மாதவிடாய் நின்றவர், வறட்சியால் வலி வேறு. அதற்கு ஜெல் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. "என்மேல ஆசையா, அந்தக் கம்பிக்கு வேலை வேணுமா?" என்று கேட்டாராம். மனிதர் மறுபடி மாடிக்கே போய்விட்டார்.

திருநகர்த் தம்பதி முதல் நாளே டாக்டரிடம் சேர்ந்து போனார்கள். டாக்டர் மாதிரிக் கருவியை மேஜையில் வைத்ததும் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மாதான் எடுத்து அமுக்கிப் பார்த்தார்: "பி.பி. பார்க்கிற பல்பு மாதிரிதானே இருக்கு? உங்க கைக்கு வராட்டி நான் அமுக்குறேன்."