வேளச்சேரி சாலை புளூ கிராஸ்: எதற்குச் செல்லலாம், எதற்குச் செல்லக் கூடாது

சென்னையில் ஒரு தெருநாய் அடிபட்டுக் கிடந்தால், கூடி நிற்பவர்களில் யாராவது ஒருவர் "புளூ கிராஸுக்குப் போன் போடுங்க" என்று சொல்லிவிடுவார். கிண்டியிலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில் உள்ள இந்தியப் புளூ கிராஸ் என்ற விலங்குநல அமைப்பு அவ்வளவு அறிமுகமானது. ஆனால் பெயர் தெரிந்த அளவுக்கு அதன் வேலை இந்த நகரத்துக்குத் தெரிந்திருக்கிறதா என்பது ஐயமே. நமக்கு வேண்டாத பிராணியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வரும் இடம் என்றுதான் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அந்த எண்ணத்தோடு போகிறவர் ஏமாற்றத்தோடுதான் திரும்புவார்; அவ்வாறு திரும்புவதே சரி என்பது என் கருத்து.

விமானியான கேப்டன் வி. சுந்தரமும் அவருடைய மனைவி உஷா சுந்தரமும் 1959-இல் தங்கள் குடும்பத்தோடு தொடங்கிய பணி இது. இந்தியாவின் முதல் பெண் விமானிகளில் ஒருவராக உஷா சுந்தரம் அறியப்படுகிறார். அவர்களுடைய மகன் சின்னி கிருஷ்ணா பின்னாளில் இந்த அமைப்பின் முகமாகவே விளங்கினார். பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் தவளைகளை அறுப்பதற்கு மாற்றாகக் கணினியில் இயங்கும் 'காம்பூஃப்ராக்' என்ற மென்பொருளை உருவாக்கிய அமைப்பும் இதுவே என்பது இன்றைய மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை.

வளாகத்துக்குள் நுழைந்ததும் குரைப்பொலியும், பினாயில் மணமும், வெந்த சோற்றின் மணமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. தனியார் கால்நடை மருத்துவமனைகளின் குளிரூட்டப்பட்ட வரவேற்பறையை எதிர்பார்த்து யாரும் இங்கே வர வேண்டாம். பின்னங்கால்கள் செயலிழந்து முன்னங்கால்களால் உடலை இழுத்தபடி வாலாட்டிக்கொண்டு வரும் நாய், ஒற்றைக் கண்ணுடைய பூனை, காயம் ஆறிவரும் மாடு என்று பார்க்கக் கடினமானவை பல உண்டு. குழந்தைகளை அழைத்து வருவோர் இதை முன்கூட்டியே சொல்லி அழைத்து வருவது நல்லது. அழைத்தே வரக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன்.

இருந்தாலும் இந்த அமைப்பின் மிகப் பெரிய சேவையை வளாகத்துக்குள் தேடினால் கிடைக்காது. அது உங்கள் தெருமுனையில், காதின் நுனியில் சிறு வெட்டோடு படுத்துக் கிடக்கிறது. அந்த வெட்டு சண்டையில் வந்த காயமன்று. அந்த நாய்க்குக் கருத்தடை அறுவை சிகிச்சை ஆகிவிட்டது என்பதற்கான அடையாளம். நாய் மயக்கத்தில் இருக்கும்போதே அதை இட்டுவிடுகிறார்கள்; அதனால் அதே நாயை மறுபடி பிடித்து மறுபடி வயிற்றைக் கிழிக்க வேண்டிய அவலம் நேர்வதில்லை. பெண் நாய்க்குக் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றி, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, தையல் ஆறும்வரை வைத்திருந்து, பிடித்த அதே தெருவில் கொண்டுவந்து விடுகிறார்கள். 'விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாடு' என்று இன்று நாடு முழுவதும் சட்ட விதிகளாக உள்ள இந்த முறையை, எந்த விதியும் இல்லாத 1964-ஆம் ஆண்டிலேயே புளூ கிராஸ் தொடங்கிவிட்டது.

அப்போது மாநகராட்சியின் வழி வேறாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே நாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தார்கள். 1996 வாக்கில் நாளொன்றுக்கு 135 நாய்கள் வரை கொல்லப்பட்டன என்று புளூ கிராஸ் பதிவு செய்திருக்கிறது. அத்தனை கொன்றும் தெருவில் நாய்கள் குறையவில்லை, வெறிநோயும் ஒழியவில்லை. காரணம் எளிது. குப்பைத் தொட்டியும் மீன் கடைக் கழிவும் இருக்கும் இடத்தில் பத்து நாய்களை அகற்றினால் அடுத்த தெருவிலிருந்து தடுப்பூசி போடாத பத்து நாய்கள் அங்கே குடிவந்துவிடும். பெண் நாயின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 63 நாள்கள்தான் என்பதால் மிச்சமும் விரைவில் நிரம்பிவிடும். இந்த வாதத்தைப் புளூ கிராஸ் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சொல்லிக்கொண்டே இருந்த பிறகு, 1996-இல் மாநகராட்சி கொல்வதைக் கைவிட்டுக் கருத்தடை முறைக்கு மாறியது. மத்திய அரசின் விதிகள் 2001-இல் வந்தன. அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் 2023-இல் வந்தன. ஒரு காப்பகத்தின் சாதனையாக இதைவிட எதைச் சொல்வது?

'அப்படியானால் இன்று ஏன் இத்தனை நாய்கள்?' என்று கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. சென்னையில் 2018-இல் சுமார் 57 ஆயிரம் என்று கணக்கிடப்பட்ட தெருநாய்கள் 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 1.81 லட்சம். ஒரு பகுதியில் உள்ள நாய்களில் பெரும்பான்மைக்குக் குறுகிய காலத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால்தான் இந்த முறை பலன் தரும்; இங்கே நாலு, அங்கே நாலு என்று செய்தால், செய்யப்படாத நாய்களின் குட்டிகள் அந்த உழைப்பை விழுங்கிவிடும். இவ்வளவு பெரிய நகரத்தை ஒரு தொண்டு நிறுவனம் தாங்க முடியாது. மாநகராட்சியின் புளியந்தோப்பு, கண்ணம்மாபேட்டை மையங்களும் அதே வேகத்தில் ஓட வேண்டும். ஆகவே எண்ணிக்கை கூடியதை முறையின் தோல்வியாக நான் பார்க்கவில்லை. முறையைப் பாதியில் நிறுத்தி நிறுத்தி நடத்தியதன் விளைவாகவே பார்க்கிறேன். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இருக்கலாம், இருக்கிறார்கள்.

அடுத்தது, இங்கே செய்யக் கூடாத ஒன்று. தெருவில் பிறந்த குட்டிகளை அட்டைப்பெட்டியில் போட்டுக் காப்பகத்தில் சேர்த்துவிட்டால் புண்ணியம் என்று எண்ணுகிறோம். தாய்ப்பால் மறவாத, தடுப்பூசி போடாத குட்டிக்கு எந்தக் காப்பகமும் ஆபத்தான இடமே. பார்வோ என்ற வைரஸ் குட்டிகளின் குடலைத் தாக்கி, இரத்த வயிற்றுப்போக்கை உண்டாக்கிச் சில நாள்களில் கொன்றுவிடும். தரையைக் கழுவிய பின்னும் நெடுநாள் உயிர்ப்போடு இருக்கும் கிருமி அது. நோயுற்ற நாய்கள் ஓயாமல் வந்துகொண்டிருக்கும் வளாகத்தில், எவ்வளவு கவனமாக இருந்தாலும், அதை முற்றிலும் தடுக்க இயலாது. தாயும் குட்டிகளும் நலமாக இருந்தால் இருக்கும் இடத்திலேயே விட்டு, மழை படாமல் ஒரு மறைப்பும் தாய்க்குச் சோறும் கொடுத்து, குட்டிகள் பால் மறந்த பிறகு தடுப்பூசிக்கும் தாயின் கருத்தடைக்கும் ஏற்பாடு செய்வதே நாம் செய்யத்தக்கது. 'எங்களால் முடியாது, நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று வாசலில் நின்று வாதிடுவோரிடம் காப்பக ஊழியர் ஒருவர் கடுமையாகப் பேசினால் நான் ஊழியர் பக்கமே நிற்பேன்.

தத்தெடுப்புக்காகச் செல்வதாக இருந்தால் தயங்காமல் செல்லலாம். பணம் கொடுத்துக் குட்டி வாங்கும் வழக்கத்துக்கு இது நேர்மையான மாற்று. லாப்ரடார் கிடைக்குமா, ஹஸ்கி கிடைக்குமா என்று கேட்டு வருவோர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும்: பனிப்பிரதேசத்துக்கான அடர்ந்த ரோமத்தோடு சென்னையின் மே மாதத்தில் மூச்சிரைத்து, தோல்நோய் கண்டு, செலவு கட்டுப்படியாகாமல் தெருவில் விடப்படும் நாய்கள்தாம் காப்பகங்களுக்கு வந்து சேர்கின்றன. நம் ஊர் நாட்டு நாய்க்கு அந்தத் தொல்லையில்லை. இந்த வெயிலுக்கென்றே அமைந்த உடல் அதற்கு. குட்டிதான் வேண்டும் என்ற பிடிவாதத்தையும் விட்டுவிட்டால், குணம் தெரிந்துவிட்ட, வளர்ந்த நாய் ஒன்று கிடைக்கும். வேலைக்குச் செல்லும் தம்பதியருக்கு, செருப்பைக் கடித்துக் குதறும் குட்டியைவிட அதுவே பொருத்தம்.

மீட்பு ஊர்தியை அழைப்போருக்கு ஒரு சொல். இடத்தின் அடையாளத்தைத் தெளிவாகச் சொல்லி, ஊர்தி வரும்வரை அந்தப் பிராணியின் அருகிலேயே நிற்க வேண்டும். காயம்பட்ட நாய் வலியில் எங்கேனும் வண்டிக்கடியில் ஒடுங்கிவிட்டால், வந்தவர்கள் தேடிக் களைத்துத் திரும்புவார்கள். அதற்குள் இன்னொரு அழைப்பு காத்திருக்கும். நகரின் மறுகோடியிலிருந்து வர வேண்டியிருப்பதால் தாமதம் இயல்பு. உங்களால் ஓர் ஆட்டோ பிடிக்க முடியுமானால் நீங்களே கொண்டுசெல்வது விரைவு. வாயை மெல்லிய துணியால் கட்டி, துண்டில் சுற்றித் தூக்குங்கள். வாந்தி எடுக்கும் நாய்க்கும் மூச்சுத் திணறும் நாய்க்கும் மட்டும் வாயைக் கட்டக் கூடாது. அப்படியும் கடிபட்டுவிட்டால், புண்ணைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் தடுப்பூசியைத் தொடங்கிவிடுங்கள். நாயைச் சேர்த்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மறுநாளுக்குத் தள்ளாதீர்கள்.