வன்னிக் கிணற்றுத் தண்ணீரில் மீன் தொட்டி: பல வருடப் பாவனையில் கண்டது

புதிதாக மீன் தொட்டி வாங்கும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: கிணற்றுத் தண்ணீரோடு மல்லுக்கட்ட வேண்டாம். வன்னியின் பல இடங்களில் தண்ணீர் சுண்ணாம்புச் சத்துக் கூடியது, கேத்தலின் அடியைப் பார்த்தாலே தெரியும். அதைக் கேட்டதும் கடைகளில் பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு) குறைக்கும் மருந்தை எடுத்துத் தருவார்கள். ஊற்றினால் குறையும், பிறகு தண்ணீரில் உள்ள காபனேற்று அதைத் திரும்ப மேலே கொண்டுவரும். இந்த ஏற்ற இறக்கம்தான் மீனுக்குக் கூடாது. கிளிநொச்சியில் என் இரண்டடித் தொட்டி, ஏறத்தாழ 54 லீற்றர், இத்தனை வருடமும் அந்த மருந்து இல்லாமலே நன்றாக ஓடுகிறது.

தண்ணீரைத் தயார் செய்வது என்றால் உண்மையில் பற்றீரியாவை வளர்ப்பதுதான். மீனின் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் இருந்து அமோனியா வரும். ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும், இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக மாற்றும். முதல் இரண்டும் நஞ்சு, மூன்றாவது அளவோடு இருந்தால் மீன் தாங்கும். புதுத் தொட்டியில் இந்தப் பற்றீரியாக்கள் போதுமான அளவு இல்லை, அவை பெருகப் பொதுவாக நாலு முதல் ஆறு கிழமை வேண்டும்.

எங்கள் தண்ணீரில் இந்தக் காத்திருப்பைக் குறைக்கவே கூடாது. பிஎச் 7 இலிருந்து 8 க்குப் போனால், அமோனியாவில் மீனைக் கொல்லும் பகுதி ஏறக்குறைய பத்து மடங்காகும். வெப்பமும் அதைக் கூட்டும். ஆகவே மலைநாட்டுக் குளிர் தண்ணீரில் மீன் தாங்கக்கூடிய அதே அளவு அமோனியா இங்கே அதைக் கொன்றுவிடும். ஆனால் அதே சுண்ணாம்புத் தண்ணீரில் பெரிய நன்மையும் இருக்கிறது. அமோனியாவை மாற்றும்போது பற்றீரியா காபனேற்றைச் செலவழிக்கும், எங்கள் தண்ணீரில் அதற்குப் பஞ்சமில்லை. சிறுநீரக நோய்ப் பயத்தால் பல ஊர்களில் இப்போது கரைந்த உப்புகளையும் வடிகட்டி எடுத்த ஆர்ஓ தண்ணீர் கிடைக்கிறது. குடிக்க நல்லது, ஆனால் அதை மட்டும் தொட்டியில் நிரப்பினால் காபனேற்று இல்லாமல் பிஎச் சரிந்து, பற்றீரியாவின் வேலையும் நின்றுபோகும்.

சரி, செய்முறைக்கு வருவோம். குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, காபனீரொட்சைட்டு கூட. இறைத்த உடனே அளந்தால் பிஎச் குறைவாகக் காட்டும், ஒரு இரவு எயார் பம்ப் ஓடினால் உண்மையான அளவு தெரியும். குழாய் நீர் என்றால் குளோரீன் இருக்கும். அது மீனுக்கு மட்டுமல்ல பற்றீரியாவுக்கும் பகை, அன்ரி குளோரின் துளி விட்டுத்தான் பாவிக்க வேண்டும்.

அப்புறம் பற்றீரியாவுக்குச் சாப்பாடு. மீன் விடாமலே, உரித்த இறால் ஒரு துண்டைத் துணியில் கட்டித் தொங்கவிடுவது எனக்குப் பிடித்த வழி, அது அழுகும்போது அமோனியா வரும். கொஞ்சம் மணக்கும், தண்ணீரும் சில நாள் பால்போலக் கலங்கும். அதைப் பார்த்துத் தண்ணீரைக் கொட்ட வேண்டாம், தானாகத் தெளியும். நல்ல சுகமான மீன் இருக்கும் தொட்டியின் பழைய ஸ்பொஞ்சைப் பிழிந்து ஊற்றினால் காலம் நன்றாகக் குறையும். குளத்துச் சேற்றை மட்டும் கொண்டுவராதீர்கள், நோய்க்கிருமியும் தும்பிக் குடம்பியும் சேர்ந்து வரும்.

காசு செலவழிப்பதென்றால் துளி விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டிக்குச் செலவழியுங்கள், தாள் பட்டிகளை நான் நம்புவதில்லை. இதில் எங்கள் பக்கத்துக்கான ஒரு விஷயம் இருக்கிறது. வயலுக்கும் தோட்டத்துக்கும் போடும் யூரியாவால் கிணற்றிலேயே நைத்திரேற்று இருக்கலாம். எனவே கிணற்றுத் தண்ணீரை முதலில் தனியாக அளந்து வையுங்கள். இல்லாவிட்டால் நைத்திரேற்றைக் கண்டு தொட்டி தயார் என்று நினைத்துவிடுவீர்கள். லீற்றருக்கு 1 முதல் 2 மில்லிகிராம் அமோனியா ஒரே நாளில் பூச்சியமாகி, நைத்திரைற்றும் பூச்சியமாக இருந்தால்தான் தயார்.

மீன் இல்லாத அந்தக் கிழமைகளில் தொட்டியை வலையால் மூடுங்கள். மாரியில் இதை மறக்கவே கூடாது. நுளம்புக் குடம்பியைத் தின்ன அங்கே ஒன்றும் இல்லை, டெங்கு எங்கள் ஊர்களுக்குப் புதிதும் அல்ல.

பில்டரில் என் தெரிவு எப்போதும் எயார் பம்ப்பில் ஓடும் ஸ்பொஞ்ச் பில்டர்தான். 2022 இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்டில், திறந்த ஸ்பொஞ்ச்தான் பாதுகாப்பு. மூடிய பில்டருக்குள் தண்ணீர் ஓடாமல் நின்றால் ஒட்சிசன் தீர்ந்து பற்றீரியா செத்துப்போகும். பற்றரி எயார் பம்ப் ஒன்றும் வைத்திருங்கள். ஹீற்றர் இங்கே தேவையில்லை.

மீனைத் தண்ணீருக்கு ஏற்றபடி தெரிவு செய்தால் பாதிக் கவலை போய்விடும். கப்பி, மொலி, பிளற்றி மூன்றுக்கும் சுண்ணாம்புத் தண்ணீர்தான் பிடிக்கும். செர்ரி பார்ப் எங்கள் நாட்டு மீன்தான், ஆனால் தென்மேற்கின் மென்மையான ஓடைகளில் வளர்வது. அதற்கு மாரி மழைத் தண்ணீரைப் பிடித்துக் கிணற்றுத் தண்ணீரோடு கலந்து கொடுக்கலாம். எதுவானாலும் முதலில் நாலைந்து சிறிய மீனோடு நிறுத்தி, ஒரு கிழமை அளந்து பார்த்துவிட்டு அடுத்ததை விடுங்கள்.

சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் தொட்டித் தண்ணீர் கண்முன்னே வற்றும். வற்றியதற்கு மேலே கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் சுண்ணாம்பு உள்ளேயே சேர்ந்து கூடும், ஆவியாவது வெறும் தண்ணீர் மட்டும்தானே. வற்றிய அளவுக்கு ஆர்ஓ தண்ணீரோ சேமித்த மழைத் தண்ணீரோ விடுங்கள். கிழமைக்கு ஒருதடவை கால்வாசியை வெளியே எடுத்து மாற்றுவதற்குக் கிணற்றுத் தண்ணீர் போதும். கண்ணாடி விளிம்பில் படியும் வெள்ளைக் கோட்டை, நீர்மட்டம் இறங்கிய நேரத்தில் தேசிக்காய்ப் பாதியால் தேய்த்துத் துடைத்து எடுக்கலாம்.