எலும்புப் பொந்தை எதைக் கொண்டு நிரப்புவது?

விபத்தில் முழங்காலுக்குக் கீழுள்ள டிபியா எலும்பின் மேல்தளம் அமுங்கினால், மருத்துவர் அதைக் கீழிருந்து தூக்கி நிறுத்துவார். அடியில் ஒரு பொந்து மிஞ்சும். நிரப்பாமல் விட்டால் தளம் மறுபடி இறங்கிவிடும். நோயாளியின் சொந்த இடுப்பெலும்பிலிருந்து துண்டு எடுத்து வைப்பது பழைய வழி. ஆனால் எடுத்த இடத்து வலி சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும், கிடைப்பதும் கொஞ்சம்தான். அதனால்தான் செயற்கைப் பொருள்கள் வந்தன.

இவற்றில் நான் முதலில் பார்ப்பது கரையும் வேகத்தை.

கால்சியம் சல்ஃபேட் என்பது மாவுக்கட்டு போடும் அதே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். 1892லேயே டிரீஸ்மன் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் இதை எலும்புப் பொந்துகளில் வைத்தார். சில வாரங்களில் கரைந்துவிடும். புது எலும்பு அவ்வளவு சீக்கிரம் வளராது. எடை தாங்கும் இடத்தில் இதை மட்டும் நம்புவது தவறு. சீழ் பிடித்த எலும்பில் கதையே வேறு. வான்கோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்துத் தூளைச் சேர்த்துப் பிசைந்து, அச்சில் அப்பி, சிறு மணிகளாக்கிச் சுத்தம் செய்த குழியில் வைப்பார்கள். மணி கரையக் கரைய மருந்து அங்கேயே இறங்கும். கரையாத அக்ரிலிக் சிமென்ட் மணிகளுக்குத் தேவைப்படுவதுபோல, இதை வெளியே எடுக்க இன்னொரு ஆபரேஷன் தேவையில்லை. சிலருக்குக் காயத்தில் நீர் வடியும். சீழ் என்று நினைத்து வீட்டார் பதறிப்போவார்கள். மணி கரைவதாலும் அப்படி வடியும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆனாலும் மருத்துவரிடம் காட்டாமல் இருக்கக் கூடாது.

ஹைட்ராக்ஸிஅபடைட் இதற்கு நேர் எதிர். எலும்பிலுள்ள தாதுவை ஒத்தது, ஆனால் ஆண்டுகள் கழித்தும் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். பீட்டா டிரைகால்சியம் ஃபாஸ்ஃபேட் ஏறக்குறைய 6 முதல் 18 மாதங்களில் கரைந்து புது எலும்புக்கு இடம்விடும். இரண்டையும் 60க்கு 40 என்று கலந்த துகள்களும் உண்டு. சிறு பொந்துக்கு என் தேர்வு அந்தக் கலவைதான்.

டிபியா தளத்துக்கு மட்டும் கால்சியம் ஃபாஸ்ஃபேட் சிமென்ட்டைச் சொல்வேன். குழம்பாக உள்ளே போய் இறுகி, அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். 2008இல் வெளியான ஒரு பல மருத்துவமனை ஆய்வில், இடுப்பெலும்பு வைத்தவர்களைவிட சிமென்ட் வைத்தவர்களுக்கே தளம் குறைவாக இறங்கியிருந்தது. ஆனால் இந்தச் சிமென்ட் முறுக்கினால் உடையும், பிளேட்டும் ஸ்க்ரூவும் கூடவே வேண்டும்.

1969இல் ஃபுளோரிடாவில் லாரி ஹென்ச் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்த, எலும்போடு ஒட்டும் பயோகிளாஸ் கண்ணாடி வழியில் வந்த எஸ்53பி4 என்ற கண்ணாடி, சுற்றியுள்ள காரத்தன்மையை உயர்த்திக் கிருமியைத் தடுக்கிறது. தொற்றில் அதையும் பயன்படுத்துகிறார்கள்.

மாதக்கணக்கில் ஒட்டாத முறிவுக்கு இவற்றில் எதையும் தனியாக வைக்கச் சொல்ல மாட்டேன். உயிருள்ள செல் எதிலும் இல்லை. அங்கே வலியைப் பொறுத்துக்கொண்டு இடுப்பெலும்பையே எடுக்க வேண்டும்; அளவு போதாவிட்டால் அதோடு இந்தத் துகள்களைக் கலந்துகொள்ளலாம்.